ஓயாத விளக்கு

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்தினின்று ஒகேனக்கல்லுக்குச் செல்லும் வழியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பட்டுப்புழு வளர்க்கும் உழவர் ஒருவர் வாழ்ந்துவந்தார். 2012-ஆம் ஆண்டில், பட்டுக்கூடு விற்ற பணத்தைக் கொண்டு, ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற தம் மகளுக்காக அவர் ஒரு கணிப்பொறி வாங்கினார். அவ்வீட்டிற்கு வந்த முதற் கணிப்பொறி அதுவே.

மகள், பழைய கைப்பேசியில் இருந்த நிழற்படங்களையெல்லாம் அதிற் சேர்த்து வைத்தாள். மறைந்த பாட்டியின் படங்களும் அவற்றுள் இருந்தன. அவள் தமையனோ, நண்பர்களிடமிருந்து பாடலும் படமுமாக இருபதினாயிரம் கோப்புகளைக் கொண்டுவந்து நிரப்பினான். சில நாளில் கைப்பேசி நீரில் விழுந்து பழுதுற்றது. பாட்டியின் திருமுகம் இனிக் கணிப்பொறியின் வன்தட்டில் மட்டுமே உண்டு.

அப்போதுதான் கவலை பிறந்தது. கணிப்பொறியின் முகப்பில் வன்தட்டின் இயக்கத்தைக் காட்டும் சிறு விளக்கு ஒன்று உண்டு. அது ஓயாமல் மினுக்கியது. ஒருவரும் தொடாதபோதும் உள்ளே 'கரகர' என்னும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. "வைரஸ் புகுந்துவிட்டது" என்றார் அண்டை வீட்டார். நகரத்திலிருந்து வந்த பழுது பார்ப்பவரோ, "வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதே வழி" என்று சொல்லி, மறுநாள் வருவதாகக் கூறிச் சென்றார். சிறுமி அன்றிரவு உண்ணவில்லை.

மறுநாட் காலையில் அவள் தன் கணிப்பொறி ஆசிரியரை அழைத்துவந்தாள். அவர் முதலிற் செய்தது, பாட்டியின் படங்களை ஒரு பென் டிரைவிற் படியெடுத்ததே ஆகும். காரணம் யாதாயினும், மீட்க இயலாத பொருளை முன்னர்க் காத்துக்கொண்டு பின்னரே ஆராய்தல் வேண்டும். அடுத்து, அவர் காதை வைத்து ஒலியைக் கேட்டார். ஒரே சீராக 'டக், டக்' என்று தட்டும் ஒலி எழுமாயின், அது வன்தட்டின் உறுப்புப் பழுதுக்கு அறிகுறியாகும்; அவ்வொலி அங்கே இல்லை.

"ஐயா, உங்கள் புழுக்கள் இரவெல்லாம் இலை தின்னும் ஓசையைக் கேட்டு நீங்கள் அஞ்சுவதுண்டா?" என்று அவர் உழவரை வினவினார்.

உழவர் நகைத்தார். பட்டுப்புழு ஐந்து பருவங்களை உடையது. ஐந்தாம் பருவத்தில், அது தன் வாழ்நாளில் உண்ணும் மல்பெரி இலையில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் உண்டுவிடும். மனைக்குள் தூறல் விழுவது போன்ற ஓசை அப்போது எழும். அவ்வோசை நோயன்று. ஆயினும், தட்டை எடுத்துப் பாராமல் நலம் என்றோ நோய் என்றோ எவரும் சொல்லார்.

கணிப்பொறியிலும் தட்டை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. அதில் இருந்த விண்டோஸ் 7 இயங்குதளத்தில், 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்னும் சாளரம், எந்த நிரல் எந்தக் கோப்பைப் படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்பதை வரிவரியாகக் காட்டும். ஆசிரியர் அதனைத் திறந்தார். பட்டியலின் மேலே இருவர் நின்றனர்: ஒன்று, கோப்புகளைத் தேடுவதற்கு உதவும் அகரவரிசையை ஆக்கும் நிரல், மற்றொன்று, வைரஸ் தடுப்பு நிரல். தமையன் கொணர்ந்த இருபதினாயிரம் கோப்புகளையும் அவ்விரண்டும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தன.

அதற்கு இத்துணை நாள் ஆகுமோ? வன்தட்டு ஒரு சுழலும் தட்டு. 1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, இரண்டு அடி அகலமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தது. ஐம்பது இலட்சம் எழுத்துகளையே அது தாங்கியது. இன்று அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகிவிட்டது. சுழலும் முறையோ மாறவில்லை. உழவர் வீட்டுத் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழன்றது. தேவையான இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 4 மில்லிநொடி ஆகும். முனை உரிய தடத்திற்கு நகர, மேலும் ஏறக்குறைய 9 மில்லிநொடி. ஆகவே, நொடிக்கு எழுபத்தைந்து இடங்களையே அது சென்று தொட இயலும். கோப்பு ஒன்றிற்குப் பத்து முறை தொட வேண்டும் எனக் கொண்டால், இருபதினாயிரம் கோப்புகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால், அகரவரிசை ஆக்கும் நிரல் நாணமுடையது. பயனர் வேலை செய்யுங்கால் ஒதுங்கி நிற்கும். அவர் எழுந்து சென்றதும் தன் வேலையைத் தொடரும். பேய் புகுந்தாற்போல், ஆளில்லாத வேளையில் விளக்கு மினுக்கியதன் காரணம் இதுவே. இவ்வீட்டிலோ வேலை முடிந்ததும் பொறியை அணைத்துவிடுவர். மின்வெட்டும் இடையிடையே வந்தது. ஆகவே, அவ்வேலை முடிவுறாமல் நாள்தோறும் மீந்து நின்றது.

ஆசிரியர் சுட்டியை அசைத்தார். விளக்கு சற்றே ஓய்ந்தது. பின்னர், நான்கைந்து நிரல்களைச் சேர்த்துத் திறந்தார். உடனே விளக்கு மினுக்குவதை விட்டு நிலையாக எரிந்தது, திரை உறைந்தது. இது வேறொரு காரணம் என்று அவர் கண்டார். அப்பொறியின் நினைவகம் ஒரு ஜிகாபைட் மட்டுமே. மேசை சிறியதாயின், ஓர் ஏட்டை விரிப்பதற்கு மற்றோர் ஏட்டை அலமாரிக்குத் திருப்ப வேண்டும். மறுகணமே அதனை மீண்டும் எடுக்க வேண்டும். நினைவகம் போதாத கணிப்பொறி, வன்தட்டை அவ்வாறு அலமாரியாக்கிக்கொண்டு, எடுப்பதிலும் வைப்பதிலுமே பொழுதைக் கழிக்கும். பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர், 1968-ஆம் ஆண்டிலேயே இந்நிலையை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். இதற்கு அழித்து நிறுவுதல் மருந்தன்று. அழித்தபின்னும் மேசை அதே மேசைதான்.

நண்பகலிற் பழுது பார்ப்பவர் வந்தார். ஆசிரியர் சாளரத்தைக் காட்டினார். அவர் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "நான் இதனைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்" என்றார். தம் கடையிலிருந்து நினைவகப் பலகை ஒன்றைக் கொணர்ந்து பொருத்தியும் கொடுத்தார். கூலி பெறவில்லை.

மூன்று மாலைப்பொழுதுகள் கணிப்பொறியை அணைக்காமலும் தொடாமலும் விட்டனர். மூன்றாம் நாள் இரவு, புழு மனைக்கு இலையிடச் சென்ற உழவர் திரும்பிவந்து, கூடத்தில் நின்று செவி சாய்த்தார். ஒலி இல்லை. விளக்கு எப்போதோ ஒருமுறை இமைத்தது. மகள் திரையிற் பாட்டியின் படத்தை விரித்து வைத்து, அதன் கீழ் அவ்வாண்டுப் பட்டுக்கூட்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.