பவழப் பார்களில் மூழ்குவோர்க்கான தங்கு கலம்: தேர்ந்தெடுக்கும் முறை

நெய்யாறு பூவாரில் கடலோடு கலக்கிறது. அதன் தெற்கே பொழியூரும், மாநில எல்லையைக் கடந்தால் நீரோடி முதல் இரவிபுத்தன்துறை வரையிலான தூத்தூர் வட்டாரச் சிற்றூர்களும் வரிசையாக அமைந்துள்ளன. கடலடியில் மேடாக உயர்ந்து நிற்கும் பாறைத் தொடர்களை இப்பகுதி மீனவர் 'பார்' என்பர். கரையிலுள்ள மலைமுகட்டையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி, பார் இருக்குமிடத்தைக் கண்டறியும் திறன் அவர்களிடம் வழிவழியாக இருந்து வருகிறது. விழிஞம் பகுதியில் மூச்சை அடக்கி மூழ்கி, பாறைகளில் ஒட்டியுள்ள சிப்பிகளைப் பெயர்த்தெடுப்போரும் உளர்.

இப்பார்கள் பெரும்பாலும் கற்பாறைகளே. பவழ உயிர்கள் கட்டியெழுப்பிய பார்களைக் காண விரும்புவோர் இலட்சத்தீவுகளுக்கோ மாலத்தீவுகளுக்கோ செல்லல் வேண்டும். மினிக்காய்த் தீவு திருவனந்தபுரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலும், மாலே நகரம் தென்மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. திருவனந்தபுரம் விமான நிலையம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களுக்கு அண்மையில் இருப்பதால், இவ்வூர்களிலிருந்து இத்தகைய பயணத்தை மேற்கொள்ள எண்ணுவோர் கவனிக்க வேண்டிய செய்திகள் இங்கு விளக்கப்படுகின்றன.

தங்கு கலம் என்பது யாது?

மூழ்குவோர் பல நாட்கள் உண்டு, உறங்கி, அங்கிருந்தே கடலில் இறங்குவதற்கு ஏற்றவாறு அமைந்த கலமே 'லைவ்அபோர்டு' எனப்படும் தங்கு கலமாகும். தூத்தூர் வட்டார மீனவர் வாரக்கணக்கில் படகிலேயே தங்கி ஆழ்கடலில் தொழில் புரிவதை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு புதுமையாகத் தோன்றாது. கரையிலுள்ள விடுதியில் தங்கி மூழ்குவோர் அண்மையிலுள்ள பார்களை மட்டுமே காண இயலும். தங்கு கலமோ தொலைவிலுள்ள பார்களுக்கு இரவோடிரவாகச் சென்று சேரும். மாலத்தீவுகளில் இத்தகைய கலங்கள் மிகுதி. இலட்சத்தீவுகளிலோ கடமத், பங்காரம் முதலிய தீவுகளில் தங்கி மூழ்குவதே பெருவழக்கு. அங்குச் செல்ல அனுமதிச் சீட்டும் பெறல் வேண்டும்.

தொலைவே தங்கு கலத்தின் சிறப்பு. அதன் அபாயமும் அதுவே. ஆதலின் கலத்தைத் தேர்ந்தெடுப்போர், 'எத்தகைய மீன்களைக் காணலாம்?' என்று கேட்பதற்கு முன்னர், 'இடர் நேரின் உதவி எத்தனை மணி நேரத்தில் கிட்டும்?' என்று கேட்டல் வேண்டும்.

அமுக்கமும் நைட்ரஜனும்

கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அமுக்கம் வீதம் கூடுகிறது. எனவே 20 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதுள்ள அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் மூன்று மடங்காகும். மூச்சடக்கி மூழ்குவோர் மேற்பரப்பில் உள்ளிழுத்த காற்றையே உடன் கொண்டு செல்கின்றனர். 1943-இல் பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோ, காஞான் ஆகியோர் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்த 'ஸ்கூபா' கருவியோ, சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்திற்கு ஈடான அமுக்கத்தில் காற்றை அளிக்கிறது. நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவிடுவார். 2,400 லிட்டர் காற்று அடங்கிய உருளை அவ்வாழத்தில் 40 நிமிடங்களில் தீர்ந்துவிடும். மேலெழுவதற்கான காற்றை மிச்சம் வைக்க வேண்டியிருப்பதால், தங்கக்கூடிய நேரம் இதனினும் குறைவே.

அமுக்கம் மிகுந்த காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசைகளிலும் கரைகிறது. மெதுவாக மேலெழுந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து எழுந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல, உடலினுள் குமிழிகள் தோன்றி மூட்டுவலி, மரமரப்பு, பக்கவாதம் முதலியவற்றை உண்டாக்கும். இந்நோயைத் தவிர்க்கும் படிமுறை அட்டவணைகளை ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் எழுதலும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் நிற்றலும் இன்றைய நடைமுறை. எழும்போது மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. அடக்கினால் விரிவடையும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சடக்கிப் பழகிய சிப்பி எடுப்போர் ஸ்கூபா கற்கும்போது இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தங்கு கலத்தில் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஆறு நாட்கள் தொடர்ந்து மூழ்குவர். முன்னர்க் கரைந்த நைட்ரஜன் முற்றிலும் வெளியேறுமுன் மேலும் சேர்வதால், நாளுக்கு நாள் எச்சரிக்கை மிக வேண்டும். பயண முடிவில் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரமேனும் மூழ்காதிருத்தல் அவசியம். கடைசி நாளன்றும் மூழ்கச்செய்து உடனே விமான நிலையத்திற்கு அனுப்பும் பயணத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளலாகாது.

உதவியின் தொலைவைக் கணக்கிடுதல்

நைட்ரஜன் குமிழி நோய்க்கு முதலுதவி தூய பிராணவாயு. முழுச் சிகிச்சை அமுக்க அறையில்தான் நடைபெறும். மாலத்தீவுகளில் மாலேவுக்கு அண்மையிலுள்ள பண்டோஸ் தீவில் அத்தகைய அறை உண்டு. கலம் நிற்குமிடத்திலிருந்து அமுக்க அறை 90 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் கலம் அங்கு சேர 6 மணி நேரமாகும். நோயாளிக்கு நிமிடத்திற்கு 15 லிட்டர் வீதம் 5,400 லிட்டர் பிராணவாயு தேவை. 2,000 லிட்டர் கொள்ளும் உருளைகளாயின் மூன்று வேண்டும். இருவராகச் சேர்ந்து மூழ்குவதே வழக்கமாதலால் இருவரும் ஒருங்கே நோயுறுதல் கூடும். அப்போது தேவை 10,800 லிட்டர், அதாவது ஆறு உருளைகள். கலத்தில் ஒரே உருளை இருப்பின் அது இரண்டேகால் மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். பயணத் திட்டத்தையும் பிராணவாயு இருப்பையும் கேட்டறிந்து எவரும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

பருவமும் செய்தித் தொடர்பும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இலட்சத்தீவுக் கடல் கொந்தளிப்பாயிருக்கும். மாலத்தீவுகளில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். எனினும் நாட்காட்டியை மட்டும் நம்புதல் தகாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கருகே கடந்து இலட்சத்தீவுகளை நோக்கிச் சென்றது. எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவருக்குச் செய்தி எட்டவில்லை. இக்கரையோர ஊர்களிலிருந்து சென்றவர்களுள் பலர் திரும்பவேயில்லை. சாதாரண வானொலிக் கருவி கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர்களுக்கு அப்பால் பயன்படாது. இக்குறையை நீக்க, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' கருவி 2019-இல் மீனவருக்காக அறிமுகப்படுத்தப்பட்டது. உரிமம் பெற்ற செயற்கைக்கோள் தொடர்பு தங்கு கலத்தில் உள்ளதா என்பதும், வானிலை அறிக்கை நாள்தோறும் பார்க்கப்படுகிறதா என்பதும் கேட்டறியத்தக்கவை.

கலத்தின் அமைப்பு

2019 செப்டம்பர் 2-இல் கலிபோர்னியக் கடற்கரைக்கருகே 'கான்செப்ஷன்' என்னும் தங்கு கலம் இரவில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் மாண்டனர். அத்தளத்திற்கு வெளியேறும் வழிகள் இரண்டு இருந்தும், இரண்டும் தீப்பற்றிய ஒரே அறைக்கே இட்டுச் சென்றன. சுற்றி வந்து பார்க்கும் இரவுக் காவலரும் இல்லை. 2024 நவம்பர் 25-இல் எகிப்தை ஒட்டிய செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்னும் கலம் மூழ்கியதில் 11 பேர் இறந்தோ காணாமலோ போயினர்.

ஆகவே படுக்கையறையிலிருந்து வெவ்வேறு இடங்களுக்குச் செல்லும் இரு வழிகள், இரவு முழுதும் விழித்திருக்கும் காவலர், உறங்குமிடத்திற்கு அப்பால் மின்கலங்களுக்கு மின்னேற்றும் இடம், உயிர்காப்பு மிதவைகள், அண்மையில் பெற்ற தகுதிச் சான்று ஆகியவை உள்ள கலமே ஏற்றது. மெத்தையின் மென்மையும் உணவின் சுவையும் இவற்றிற்குப் பின்னரே கருதத்தக்கவை. மலிந்த கட்டணத்தைக் கண்டவிடத்து, எரிபொருள், வரி, கருவி வாடகை, மூழ்குவோர்க்கான காப்பீடு முதலியன அதில் அடங்குமா என்றும் வினவுதல் நன்று.

மூழ்குவோரை எண்ணுதலும் கலத்தாரின் கடமையே. 1998 ஜனவரி 25-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவழத்தொடரில் அமெரிக்கத் தம்பதியர் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லாமை இரண்டு நாட்களுக்குப் பின்னரே தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி எண்ணும் வழக்கம் இருத்தல் வேண்டும். மூழ்குவோர் ஒவ்வொருவரிடமும் காற்றூதி நிறுத்தும் வண்ணக் குழாயும் ஊதலும் விளக்கும் இருத்தல் வேண்டும்.

தகுதியும் பாரின் நலமும்

மாலத்தீவுகளில் பவழத்திட்டுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில் நீரோட்டம் வலிது. பெரிய மீன்கள் அங்கே திரள்வதால் அவ்விடங்கள் புகழ்பெற்றவை. 50 முறையேனும் மூழ்கியிருத்தல் வேண்டுமென்று சில கலங்கள் விதிப்பதுண்டு. அனுபவத்தைக் கேளாமலே எவரையும் ஏற்றுக்கொள்ளும் கலத்தை ஐயுறுதல் தகும். புதிதாகப் பயின்றவர் முதலில் ஒரு தீவில் தங்கி, ஆழம் குறைந்த இடங்களில் பழகுதல் நலம். விளம்பரப் படங்களையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்: யானைத்திருக்கைகள் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபா மூழ்கலுக்கு இடமில்லை, மூச்சுக்குழலுடன் மேற்பரப்பில் நீந்த மட்டுமே அனுமதி.

பவழம் உயிருள்ளது. அதன் திசுக்களில் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவின் பெரும்பகுதியை அளிக்கின்றன. கடல்நீரின் வெப்பம் மிகும்போது பவழம் அப்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. 2024-இலும் இலட்சத்தீவுப் பவழங்கள் கடுமையாக வெளிறின. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் காணப்படும் பார் இன்றும் அவ்வாறே இருக்குமென்று கொள்ளலாகாது. நலிந்த பாரின் மீது நங்கூரம் பாய்ச்சும் கலத்தைத் தவிர்த்து, நிலையான மிதவையில் கட்டும் கலத்தையும், மூழ்குவோரை இறக்கிவிட்டு நீரோட்டத்தோடு சென்று ஏற்றிக்கொள்ளும் சிறு படகுள்ள கலத்தையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இந்தியாவில் பார் கட்டும் பவழங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்குட்பட்டவை. ஒரு துண்டை எடுத்து வருதலும் குற்றமாகும்.

பயணத்திற்குப் பணம் செலுத்துமுன் அமுக்க அறையின் தொலைவு, பிராணவாயுவின் அளவு, வெளியேறும் வழிகள், இரவுக் காவல், செய்தித் தொடர்பு, எண்ணும் முறை ஆகிய ஆறனையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆறனுக்கும் தெளிவான விடை தருவோரே நம்பத்தக்கவர். விடை தரத் தயங்குவோரின் கலம் எத்துணை அழகுடையதாயினும் அதனை விடுத்து வேறொன்றை நாடுதலே அறிவுடைமை.