மேலே போனால் சுருதி விலகுகிறதா?

வெறும் கம்பியில் சரியாக ஒலிக்கும் எலெக்ட்ரிக் கிட்டார், மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் அபசுரம் தட்டுகிறதா?

1. முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். துருவும் பிசுக்கும் ஏறிய கம்பி எந்தத் திருகலுக்கும் அடங்காது.

2. மடியில் வைத்தே ட்யூனரில் சுருதி சேருங்கள். மேஜையில் கிடத்தினால் கழுத்தின் வளைவு சற்று மாறும்.

3. 12-ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடிலைக் கழுத்தைவிட்டுப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஒலிக்கும் நீளம் கூடி, சுரம் இறங்கும். இறங்கியிருந்தால் முன்னுக்கு. என்னைப் போன்ற முரட்டு விரல்காரர்கள் மெல்ல அழுத்துங்கள். அழுத்தமே சுரத்தை ஏற்றிவிடும்.

4. ஒவ்வொரு திருகலுக்கும் பின் மறுபடி சுருதி சேருங்கள். சேடில் நகர்ந்தால் வெறும் கம்பியின் சுருதியும் நகரும்.