மரை பார்க்கப் போகும் மருமகனுக்கு

பதுளை



நீ அந்தக் கமராக்காரரோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகச் சம்மதித்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். இரண்டு இரவு கூடாரம், விடியுமுன் நடை, கிரிகல்பொத்த மலைப்பாதை, பெரிய கொம்புள்ள மரை ஒன்றின் படம். இதுவரை சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. அவர் ரொம்பக் கண்டிப்பான ஆளாம். பிந்தினால் நிற்கமாட்டாராம். போன தடவை கூடப் போன பையன் பாதி வழியில் கால் வலிக்கிறது என்றதற்கு, திரும்பி வரும்வரை அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் அப்படி வாய் திறக்கமாட்டேன்" என்று நீ அவளிடமே சொன்னாயாம்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போ. ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்ற அந்த எண்ணத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாம் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்ற பரம்பரை. உன் அம்மாச்சி காய்ச்சலோடு கொழுந்து எடுத்தாள். கங்காணி கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவள் வாயை மூடியிருந்ததற்குக் காரணம் இருந்தது. உனக்கு அந்தக் காரணம் இல்லை. 2,100 மீற்றருக்கு மேலே, பனியும் காற்றும் உள்ள இடத்தில், வலியை மறைப்பவன் தன்னை மட்டுமல்ல, கூட வந்தவரையும் ஆபத்தில் மாட்டிவிடுகிறான்.

மேலே குளிர் எப்படி ஆளைப் பிடிக்கும் என்று தெரிந்துகொள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வெறும் குளிரைத் தாங்கிவிடலாம். நனைந்த உடம்பில் காற்றுப் படுவதுதான் கெட்டது. முதலில் உடம்பு நடுங்கும். பிறகு விரல் சொன்னபடி கேட்காது. பையின் சிப்பைக்கூட இழுக்க முடியாது. அதற்கும் பிறகு பேச்சுக் குழறும், நடுக்கம் நின்றுபோகும், தனக்கு ஒன்றுமில்லை என்று அந்த ஆளே சத்தியம் பண்ணுவார். ஆகவே விரல் மரத்த அந்த நேரமே சொல்லிவிடு. அவருடைய விரலையும் கவனி. கண்டிப்பான ஆட்கள்தான் தங்கள் குளிரைக் கடைசியாகச் சொல்வார்கள்.

இளவயதில் நமுனுகுல பக்கம் எல்லை அளக்கப் போன ஒரு நில அளவையாளரோடு நான் சங்கிலி பிடித்திருக்கிறேன். அப்படி ஒரு கடுமையான மனிதரை நான் பிறகு கண்டதில்லை. ஒரு அடி பிழைத்தால் முழு வரியையும் மறுபடி அளக்க வைப்பார். மழையிலும் நிறுத்தமாட்டார். ஆனால் சாயங்காலம் முகாமுக்கு வந்ததும், தான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கும் முன்னே, லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஒவ்வொருவர் காலையும் பார்ப்பார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கை விரித்து, அட்டை கடித்த இடத்தையும் கொப்புளத்தையும் பார்த்து, தானே பஞ்சு வைத்துக் கட்டுவார். தன் காலையும் எங்களிடம் காட்டுவார். வேலையில் கண்டிப்பு என்றால் எனக்கு அவர்தான் அளவு. உன் ஆள் எந்த வகை என்று மலையில் போய்த் தெரிந்துகொள்ளாதே. கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்.

அதற்கு வழி, உட்கார்ந்து பேசுவது. ஒரு பிளேன்டீயோடு பேசிவிடலாம். நடை தொடங்கும் ஃபார் இன்னிலிருந்து கிரிகல்பொத்தவுக்கு ஒரு வழி மட்டும் 7 கிலோமீற்றர் வரும். புல்வெளி, சதுப்பு, குட்டை மூங்கில், முறுக்கிய மரக்காடு, கடைசியில் பாறை. எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று ஒரு நேரத்தைக் கேள். பத்து மணிக்கு மேல் பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. அப்போது என்ன செய்வது என்றும் கேள். இருவரில் ஒருவர் போதும் என்றால் இருவரும் திரும்புவதா என்று கேள். இந்த மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கூர்ந்து கவனி. அதற்குக் கோபம் வந்தால், மரியாதையாக "வேற ஆளைப் பாருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. அதில் ஒரு குறைவும் இல்லை.

கூட வருபவரைப் பொருட்படுத்தாத ஆட்கள் இந்த மலைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் எல்க் என்று சொல்லி வேட்டையாடியதெல்லாம் நம்ம மரையைத்தான். சாமுவேல் பேக்கர் 1848இலிருந்து 1855வரை நுவரெலியாவில் குடியிருந்து, நாய்க்கூட்டத்தை விட்டு இந்தச் சமவெளியெங்கும் மரை துரத்தினார். நாய்கள் விரட்ட, மரை பள்ளத்து ஆற்றில் இறங்கி ஆழமான குட்டையில் திரும்பி நிற்கும். அவர் கத்தியோடு தண்ணீரில் இறங்குவார். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். அவருடைய நூல்களில் நாய்களுக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு. கூடாரமும் இறைச்சியும் சுமந்து மலையேறியவர்கள் பெரும்பாலும் வெறும் கூலிகள். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கும். நீ சுமை தூக்கியாக மட்டும் போகாதே. படம் வெளிவந்தால் உன் பெயரும் அதில் வரவேண்டும். அதையும் முதலிலேயே பேசிவிடு.

இன்னொரு வேட்டைக்காரர் நம்ம ஊர்க்காரர் மாதிரி. பதுளை சென்ட் மார்க்ஸ் தேவாலயம் மேஜர் தாமஸ் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டியது. இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்று எழுதியிருக்கிறார்கள். யானைக்குத் தப்பிய அந்த மனிதர் 1845 ஜூனில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வெட்டவெளியில் இடி முழங்கினால் கமராவின் முக்காலியை மடக்கச் சொல். அவர் முறைத்தாலும் சொல்.

மரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அது உன்னைக் கண்ணால் பிடிப்பதைவிட மூக்கால் பிடிப்பது சீக்கிரம். ஆகவே காற்று உன் முகத்தில் அடிக்கிற பக்கமாக நில். சாயங்காலம் மசங்கும்போது காட்டோரத்திலிருந்து புல்லுக்கு வரும், விடியும்போது திரும்பும். சேற்றுக் குழியைக் கண்டால் குனிந்து பார்: பிளந்த குளம்படி, உருண்டு புரண்ட தடம், ஓரத்து மரத்தில் கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த இடம். பட்டைக்குள் ஈரம் காயாமல் இருந்தால் அது கிட்டத்தில்தான் இருக்கிறது. திடீரென்று காலைத் தரையில் அடித்து ஒரு பெரிய கத்தல் போட்டால், அது உன்னையோ சிறுத்தையையோ கண்டுவிட்டது. அதற்குமேல் நெருங்கக்கூடாது. "இன்னும் பத்தடி" என்று அவர் சொல்வார். அந்த இடத்தில்தான் நீ நிற்க வேண்டும். தேசிய பூங்காவில் பாதையை விட்டு இறங்கவே அனுமதி இல்லை. மிதிபட்ட சதுப்பு ஆறுவதற்கு வருஷக்கணக்கு ஆகும். ஃபார் இன் பக்கம் ஆட்கள் கையிலிருந்து தின்னப் பழகிய மரை வந்து நிற்கும். பொலித்தீனையும் தின்றுவிடும், பாவம். அதற்கு ஒரு பிஸ்கட்கூட நீட்டாதே. உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துப் பையில் போடாதே.

துவக்கு, கம்பிச் சுருக்கு என்ற பேச்சு எந்த வாயிலிருந்து வந்தாலும் அந்த நிமிஷமே இறங்கி வா. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். நம்ம தோட்டத்து மலைகளில் பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிற கதை நின்றபாடில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை ஆட்கள் உயிரோடு மீட்டார்கள். சில நாளில் அது செத்தது. அந்தக் கம்பியை வைக்கிற கை நம்ம கையாக இருக்கக்கூடாது.

கட்டிக்கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. டெனிம் காற்சட்டை வேண்டாம். நனைந்தால் காயவே காயாது. கம்பளி மேற்சட்டை ஒன்று, காலுறை மூன்று சோடி. அதில் ஒன்று தூங்கும்போது மட்டும் போட. என்ன நடந்தாலும் அதை நனைக்காதே. புதுச் சப்பாத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே போட்டுக்கொண்டு மலைக்குப் போய்ப் பழகு. ஒஹிய பக்கத்துக் காட்டுக்கு உப்பும் சவர்க்காரமும் எடு, அட்டைக்கு. ரொட்டியும் கட்டச் சம்பலும் இடுப்புப் பையில் இருக்கட்டும், முதுகுப் பையில் வேண்டாம். அவர் சாப்பிட நிற்காவிட்டாலும் நடந்துகொண்டே தின்னலாம்.

அவரிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். மூன்று மணிக்கு எழும்புவது, நாலு மணிநேரம் அசையாமல் உட்காருவது, தான் எடுத்ததில் பாதியைத் தானே அழிப்பது, இதெல்லாம் லேசில் வராது. அவர் வேகத்தில் நடக்க முயற்சி செய், முடியாத இடத்தில் முடியவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல். மன்னிப்புக் கேட்டுச் சொல்லாதே. சொல்லிவிட்டு உட்கார்ந்து காலைப் பார்.

திரும்பும் நாளை நுழைவாயில் உத்தியோகத்தரிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டுப் போ. அத்தை தன் பழைய கம்பளியைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பண்டாரவளை பஸ்ஸில் வருகிற நம்ம பக்கத்து லயத்துப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா