முத்திரையைக் கண்டு மயங்கலாமா?

நமது ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சென்றவர்கள் அங்கே மத்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பார்கள். கோட்டையைச் சேதப்படுத்துவது குற்றம் என்று அதைப் படித்தவுடன், சுவரில் பெயர் கிறுக்க நீண்ட கை தானாகவே மடங்கிவிடும். பலகை என்னவோ ஒரு தகடுதான். ஆனால் அதன் பின்னே அரசாங்கம் நிற்கிறது என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையே அதற்கு வலிமை தருகிறது.

இந்த நம்பிக்கையைத் திருடிப் பிழைப்பவர்களும் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குக் கல்வி உதவித்தொகை பற்றி ஒரு தாள் வந்தது. தலைப்பில் சிங்க முத்திரை. அடியில் வட்டமான ரப்பர் ஸ்டாம்பு. பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். அவளுடைய அம்மா கடன் வாங்கவும் துணிந்துவிட்டார்கள். நல்லவேளையாக அவள் அந்தத் தாளைச் சிஸ்டரிடம் காட்டினாள். "எந்தத் துறை என்று போட்டிருக்கிறதா, பார்" என்றார்கள் சிஸ்டர். துறையின் பெயரும் இல்லை, அலுவலக முகவரியும் இல்லை. பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது! அன்று முதல் இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய விரும்பினோம். நாங்கள் கற்றதை இங்கே தருகிறோம்.

முதலாவது, 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டம். அரசின் பெயரையோ முத்திரையையோ மத்திய அரசின் முன் அனுமதியின்றி எவரும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதன் சாரம். அரசின் ஆதரவு தமக்கு உண்டு என்று எண்ணும்படி பெயர் வைத்துக்கொள்வதும் குற்றமே. ஆனால் இதற்குச் சட்டம் விதித்த அபராதம் 500 ரூபாய்தான். அந்நாளில் அது பெருந்தொகை; இந்நாளில் ஏமாற்றுக்காரனுக்கு அது ஒரு பொருட்டா?

ஆகவே 2005இல் இந்திய அரசுச் சின்னத்துக்கென்றே தனிச்சட்டம் பிறந்தது. அசோகரின் சாரநாத் சிங்கத் தூணிலிருந்து எடுக்கப்பட்ட நமது தேசியச் சின்னத்தை, அரசோடு தொடர்பு உண்டு என்று காட்டிக்கொள்வதற்காகப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதைக் கொண்டு தவறான ஆதாயம் அடைந்தால் குறைந்தது 6 மாதச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவோ, அரசு ஊழியர் போல நடித்து அந்தப் பதவியின் பெயரால் செயல்படுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. கம்பெனியைப் பதிவு செய்யும்போதும், அரசோடு தொடர்புடையதாகத் தோன்றும் பெயரை முன் அனுமதியின்றி வைக்க இயலாது.

இப்படியும் நடக்குமா என்று ஐயுறுவோர் நமது அண்டை மாவட்டமான கடலூரைப் பார்க்கலாம். 2020 ஜூலையில் பண்ருட்டியில் பாரத ஸ்டேட் வங்கியின் கிளை போலவே ஒரு போலிக் கிளை கண்டுபிடிக்கப்பட்டது. கம்ப்யூட்டர், செலான், முத்திரை எல்லாம் அங்கே இருந்தன. நடத்தியவர் 19 வயது இளைஞர்! வாடிக்கையாளர் ஒருவர் ஐயம் கொண்டு உண்மையான கிளையில் விசாரித்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. மூவர் கைதாயினர். 2023இல் குஜராத்தின் சோட்டா உதேபூர் மாவட்டத்திலோ, பாசனத் திட்டச் செயற்பொறியாளர் அலுவலகம் என்று இல்லாத அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, அரசிடமிருந்தே 4 கோடி ரூபாய்க்கு மேல் பெற்றுவிட்டார்கள். அரசையே ஏமாற்றியவர்களுக்கு நம் பெற்றோரை ஏமாற்றுவது அரிதா?

தனியார் அரசுப் பணி செய்வதே தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. முறையான அனுமதி பெற்று இ-சேவை மையம் நடத்துவோர் பலர் உள்ளனர். இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டுவதே தவறு.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? தாளில் எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் உள்ள எண்ணில் கேட்காமல், தாலுகா அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ நேரில் கேட்க வேண்டும். அரசு இணையதள முகவரிகள் பெரும்பாலும் 'கவ்.இன்' அல்லது 'நிக்.இன்' என்று முடியும். பணம் கட்டினால் ரசீது கேட்க வேண்டும். தனி ஆளின் கணக்குக்கு அனுப்பலாகாது. இணையத்திலோ தொலைபேசியிலோ ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பண்ருட்டியில் போலியைப் பிடித்துக் கொடுத்தது போலீஸ் படையல்ல. ஒருவர் கேட்ட ஒரு கேள்வி. எங்கள் தோழியின் வீட்டைக் காத்ததும் ஒரு கேள்விதான். தமிழக அரசின் சின்னத்தில் 'வாய்மையே வெல்லும்' என்று பொறித்திருக்கிறது. வாய்மை வெல்ல வேண்டுமானால் அது உண்மைதானா என்று கேட்க ஒருவர் வேண்டும். படித்த பெண்களாகிய நாமே நம் வீட்டில் அந்த ஒருவராக இருப்போமாக!