எல்லைக் கதவின் சாவி

கேள்வி: மியான்மர் உள்நாட்டுப் போரில் சீனா யார் பக்கம்?

பதில்: யார் பக்கமும் இல்லை. தன் எல்லை, தன் குழாய், தன் வணிகம், இவைதான் அதன் பக்கம். 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இன ஆயுதக் குழுக்கள் சேர்ந்து ராணுவத்தைத் தாக்கியபோது பெய்ஜிங் பெரிதாகக் குறுக்கே நிற்கவில்லை. சீனர்களையே குறிவைத்துப் பணம் பறித்த, எல்லையோரக் கோகாங் பகுதி இணைய மோசடிக் கூடங்கள் ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

2024 ஆகஸ்டில் ஷான் மாநிலத்து லாஷியோ நகரம் ஆயுதக் குழுவின் கையில் விழுந்ததும் கணக்கு மாறியது. ராணுவத்தின் வடகிழக்குத் தலைமையகமே அங்குதான் இருந்தது. மியான்மரின் ராக்கைன் கடற்கரையிலிருந்து சீனாவின் யுன்னான் வரை ஓடும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களும் ஷான் மாநிலம் வழியாகத்தான் போகின்றன. பிறகு எல்லைக் கதவுகளை இழுத்துச் சாத்தியது சீனா. அந்த வழியாக வரும் சரக்கை நம்பி வாழ்ந்த ஊர்களில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. கடைசியில், 2025 ஏப்ரலில், சீனக் கண்காணிப்பாளர்கள் முன்னிலையில் லாஷியோ ராணுவத்திடமே திரும்பிப் போனது.

இதைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனாவின் குன்மிங் நகரில் போர்நிறுத்தம் பேசியவர்கள் தளபதிகள். வீடிழந்து முகாமில் கிடப்பவரிடம் எந்த ஆட்சி வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. போர்நிறுத்தம் இல்லாத பகுதிகளில் விமானக் குண்டுவீச்சும் நிற்கவில்லை.