பிள்ளையில்லையா? புருஷனும் வரவேண்டும்

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால் நம் தோட்டங்களில் யாரைக் கேட்கிறோம்? பெண்ணைத்தான். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் அவள், ஆஸ்பத்திரிக்கு வருவதும் அவள். புருஷன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். ஆனால், பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆண் பக்கமும் கோளாறு உண்டு, அன்பர்களே.

விந்தணு ஒரு நாளில் உண்டாவதல்ல. விதைக்குள் உருண்டையான அணுவாகத் தொடங்கி, தலையும் வாலுமாக மாறி வெளிவர இரண்டரை மாதம் பிடிக்கும். உருண்டை எப்படி நீளுகிறது? நம் உடம்புக்கு எலும்பு இருப்பதுபோல ஒவ்வோர் அணுவுக்குள்ளும் புரதத்தாலான சட்டம் உண்டு. டியூபுலின் என்னும் புரதம் பாசிமணி கோத்ததுபோல் சேர்ந்து நுண்குழலாகிறது. இந்தக் குழல்கள் தலையைப் பாவாடைபோல் சுற்றி நின்று அதற்கு வடிவம் கொடுக்கும். வாலுக்குள் நடுவில் இரண்டு குழல், சுற்றிலும் ஒன்பது ஜோடி. அவற்றை இழுத்து வாலை அடிக்கவைப்பது டைனீன் என்னும் இன்னொரு புரதம்.

இது இல்லாவிட்டால்? 1976-ல் சுவீடன் விஞ்ஞானி அஃப்சீலியஸ் விளக்கினார்: சில ஆண்களின் விந்தணு உயிரோடிருந்தும் நீந்தவில்லை, ஏனெனில் வாலில் டைனீன் இல்லை. அவர்களுக்குச் சிறுவயது முதலே ஓயாத சளி, இருமல். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிருக்கும் அதே அமைப்புதான். இது பிறவிக் கோளாறு, அபூர்வமானது. தாம்பத்தியத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆண்மை வேறு, இது வேறு. இதைப் புரிந்துகொண்டால் பரிசோதனைக்கு வர வெட்கமிருக்காது.

மருந்தடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி, பூஞ்சையின் டியூபுலின் குழலாகச் சேரவிடாமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. எலிகளுக்கு அதிகமாகக் கொடுத்துப் பார்த்ததில் விந்தணு உற்பத்தியும் கெட்டது. டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி வேறு வகை விஷம். 1977-ல் கலிபோர்னியாவின் லேத்ரோப் ஊரில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணுவே இல்லை. அவர்கள் வாய்திறந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆகவே டின்னிலுள்ள பெயரைக் குறித்துவையுங்கள். கையுறையில்லாமல் கலக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம் பக்கத்தவர்கள் கடிதம் வாங்கிக்கொண்டு பத்து பஹாட் அல்லது குளுவாங் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு கூடாது. டிங்கிபோல் கடுங்காய்ச்சல் கண்டிருந்தால் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். முதல் தடவை குறைவாக வந்தால் பயந்துபோக வேண்டாம், மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள்.