மணியை வாசலில் அடியுங்கள்

திருவாரூர் தியாகராஜர் கோயிலருகே நிற்கும் கல்தேரின் கதையை ஊரில் அறியாதவர் இல்லை. கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு, தெருத்தெருவாகக் கதறித் திரியவில்லை. அரண்மனை வாசலுக்கு நேரே போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. மனம் விட்டுப் பேச நினைக்கும் எவருக்கும் அதுவே பாடம். கருத்து உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. செய்ய வேண்டியவர் காதில் விழவும் வேண்டும்.

இன்று ஊருக்கொரு வாட்ஸ்அப் குழு, அலுவலகத்துக்கு இரண்டு. அங்கே பேசுமுன் கவனிக்க வேண்டியவை இவை.

செய்தி: பார்த்ததா, கேட்டதா?

"மேட்டூர் அணையை நாளை திறக்கிறார்கள்" என்ற ஒரு வரியை நம்பி நாற்றங்கால் விடுபவர் உண்டு. வழக்கமான நாள் ஜூன் 12 என்றாலும், அணையின் இருப்பைப் பொறுத்தே தண்ணீர் வரும். அரசு அறிவிப்பைக் கண்ணால் பார்த்தபின் அனுப்புங்கள். "கடைமடைக்கு இம்முறையும் தண்ணீர் எட்டாது" என்பது உங்கள் கருத்தென்றால், கருத்து என்றே சொல்லுங்கள். "எங்கள் வாய்க்கால் தூர் வாரவில்லை, நேற்று பார்த்தேன்" என்று காரணத்தையும் சேருங்கள்.

வேலை: ஆளை விடுங்கள், நிலையைச் சொல்லுங்கள்

நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "மேலே இருப்பவர்களுக்கு அக்கறையே இல்லை" என்று எழுதினால் பகை மட்டுமே மிஞ்சும். இப்படி எழுதிப் பாருங்கள்: "திங்கள் முதல் லாரி வரவில்லை. 800 மூட்டை வெளியே கிடக்கிறது. தார்ப்பாய் போதாது. நனைந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டும். நாளை இரண்டு லாரி வேண்டும்." இதைக் குழுவில் போடாமல் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு ஊழியர்கள் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளையும், தனியார் ஊழியர்கள் பணி நியமன ஆணையையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் ரத்து செய்தது உண்மை. ஆனால் அவதூறு இன்றும் குற்றம்தான். குழுவில் போட்டதை ஒருவர் படமெடுத்துவிட்டால், நீங்கள் அழித்தாலும் அது அழியாது.

பாலியல் தொல்லை என்றால் குழுவில் பெயர் சொல்ல வேண்டாம். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

உடல்நலம்: அனுபவத்தைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள்

நடவு முடிந்து காய்ச்சலில் படுத்தவர், "சேற்றில் வேலை செய்ததைச் சொன்னதும் மருத்துவர் எலிக்காய்ச்சலுக்குச் சோதித்தார்" என்று சொன்னால் அது பத்துப் பேருக்கு உதவும். "இந்த மாத்திரை போடு" என்றால் ஒருவருக்காவது கெடுதல் வரலாம். சந்தேகம் கேட்பவருக்கு 104 எண்ணைக் கொடுங்கள். உடன் வேலை செய்பவரின் நோயை அவர் அனுமதியின்றி வெளியே சொல்லவே கூடாது.

வாசல்கள் எங்கே?

திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. விவசாயிகளுக்கு மாதம் ஒரு தனிக் கூட்டம். முதல்வரின் உதவி எண் 1100. பதிவேடு வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொன்னது தவறென்று தெரியவந்தால், எந்தக் குழுவில் சொன்னீர்களோ அதே குழுவில் திருத்திச் சொல்லுங்கள். அப்படித் திருத்திக்கொள்பவரின் பேச்சுக்குத்தான் அடுத்த முறை ஊர் காது கொடுக்கும்.